கூட்ரோட்டுப் புராணம்

சென்னையின் கத்திப்பாரா மேம்பாலத்தை வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் வந்தது. விக்கிரவாண்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எத்தினி புள்ளிடா இது?"

கோலம் இல்லை பெரியம்மா, மேம்பாலம், 2008 அக்டோபரில் திறந்தார்கள், நாலு பக்கமும் வளையம் விட்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பும் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சிக்குக் கோலந்தான். ஆனா போட்டவளுக்குக் கை படியல. கோடு வந்து சேராம வெளிய ஓடுது பாரு. அதுவும் இல்லாம, நடுவுல புள்ளிய காணோம்."

பொறியியல் வரலாறு பெரியம்மா மாதிரியான ஆட்களிடம் கேட்காமலே எழுதப்பட்டுவிட்டது. 1916-இல் மேரிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் ஹேல் என்ற அமெரிக்கப் பொறியாளர் இந்த நாலிதழ் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தேதி பிப்ரவரி 29. ஆட்சேபம் இருந்தால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வந்து சொல்லுங்கள் என்பதுபோல ஒரு தேதி. எங்கள் தெருவில் மார்கழி முப்பது நாளும் முப்பது வளையக் கோலம் விழுகிறது. யாரும் காப்புரிமைக்கு அலைந்ததில்லை. எட்டு மணிக்குப் பால்காரர் சைக்கிள் ஏற்றி அழித்துவிடுகிற சொத்துக்கு யார் பத்திரம் பதிவார்கள்?

ஹேலின் சூத்திரம் எளிமையானது. இடப்பக்கம் ஓட்டுகிற நம் ஊரில் வலப்பக்கம் போக வேண்டுமென்றால், அங்கே திரும்பவே கூடாது. நேராகப் பாலத்தைக் கடந்து, பிறகு இடப்பக்கம் ஒடித்து, முக்கால் வட்டம் அடித்து, நீங்கள் போக நினைத்த சாலையில் போய் விழவேண்டும். வலது போக இடது திரும்பு. கூட்டணிக் காலத்தில் நம் கட்சிகள் எல்லாமே இதைச் செய்கின்றன. வரைபடம் மட்டும் வெளியிடுவதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1972-இல் இப்படியொரு சாலைச் சிக்கலைத் திறந்தார்கள். அதற்கு ஸ்பகெட்டி ஜங்ஷன் என்று பெயர். பாவம், இடியாப்பம் தெரியாத ஊர்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அந்த மாதிரி முழு நாலிதழ் வாய்க்கவில்லை. எங்களுக்கு வந்தது புறவழிச்சாலை, அதன்மேல் மேம்பாலங்கள், பாலத்தின் இடுப்பில் ஒட்டிக்கொண்ட சர்வீஸ் ரோடு, அந்தச் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் கரும்பு ஏற்றிக்கொண்டு நிதானமாக வரும் டிராக்டர். சாலைகள் கூடும் இடத்துக்குப் பொறியாளர்கள் என்ன பேர் வைத்தாலும் எங்கள் வாயில் அது கூட்ரோடு. கூட்ரோட்டில் டீக்கடை, பஞ்சர் கடை, ஒரு கட்சிக் கொடிக்கம்பம், அதைவிட அரை அடி உயரமாக இன்னொரு கட்சிக் கொடிக்கம்பம். இவை இருந்தால் அது சந்திப்பு. பாலமெல்லாம் பிறகு வந்த அலங்காரம்.

ஆனாலும் பெரியம்மா சொன்ன அந்தப் புள்ளி விஷயம் என்னை விடவில்லை. சிக்குக் கோலத்தின் சட்டமே அதுதான்: கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து போகும், தொடாது. செயற்கைக்கோள் படத்தில் எங்கள் மாவட்டத்தைத் திறந்து பாருங்கள். திண்டிவனம் ஒரு புள்ளி. விழுப்புரம் ஒரு புள்ளி. சென்னையிலிருந்து வரும் தடித்த கோடு இரண்டையும் ஒதுங்கி வளைத்துக்கொண்டு திருச்சிக்கு ஓடுகிறது. இந்தக் கோலத்தை யார் முதலில் போட்டது என்று தேடினால், பொறுப்பேற்க ஒரு பட்டாளமே வரிசையில் நிற்கிறது.

வரிசையின் முன்னால் நிற்பவர் நல்லூர் நத்தத்தனார். சங்கப் புலவர், பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எழுதியவர். ஆற்றுப்படை என்பதை இலக்கிய வகை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் அது வழிகாட்டும் செயலி. பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனை நிறுத்தி, எந்தப் பக்கம் போ, எங்கே என்ன சாப்பிடு, கடைசியில் யாரைப் பார் என்று சொல்வது. மதிப்பீட்டு நட்சத்திரம் மட்டும்தான் இல்லை.

இந்தப் பாட்டில் சேரவேண்டிய இடம் எது தெரியுமா? கிடங்கில். ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர். இன்றைக்குத் திண்டிவனம் நகராட்சிக்குள் கிடங்கல் என்று இருக்கும் அதே இடம். வழியிலுள்ள சாப்பாட்டுப் பட்டியலைக் கேளுங்கள். கடற்கரையில் எயிற்பட்டினம்: அது மரக்காணம் பக்கம் என்பார்கள், பரதவர் வீட்டில் முற்றிய கள்ளும் சுட்ட மீனும். அடுத்து வேலூர்: கோட்டை இருக்கும் வேலூர் அல்ல, உப்புவேலூர் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டும் ஊர், புளிச்சோறும் காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியும். பிறகு ஆமூர்: கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டுக் கறியும். இத்தனையும் இலவசம்.

இன்று அதே வட்டாரத்தில் இரவுப் பேருந்தை ஒரு மோட்டலில் நிறுத்துகிறார்கள். பெயர் வேண்டாம்; எல்லாப் பேரும் ஒன்றுதான். தகரத்தைத் தட்டி "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்று ஒருவர் எழுப்புவார். நான் அங்கே ஒரு பரோட்டா சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதை இரண்டாகக் கிழிக்க முயன்றதில் பேருந்து கிளம்பிவிட்டது. நத்தத்தனார் அந்த மோட்டலில் இறங்கியிருந்தால் தமிழுக்கு ஆற்றுப்படை கிடைத்திருக்காது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு கிடைத்திருக்கும். எயிற்பட்டினத்து மெனு மட்டும் இரண்டாயிரம் வருஷமாக மாறவில்லை. புதுச்சேரி போகிற சாலையில் மதுவும் மீனும் இன்றும் அமோகம்.

அந்தப் பாட்டோடு சரி. ஒருவன் திண்டிவனத்துக்கே வரவேண்டும் என்று கிளம்பி, திண்டிவனத்தில் வந்து இறங்கி, திண்டிவனத்தைப் புகழ்ந்ததாக நம் கையில் இருக்கும் பெரிய சான்று அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வந்தவன் எல்லாம் வேறெங்கோ போகிறவன்.

மராட்டியர் கதையைப் பாருங்கள். 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். திண்டிவனத்துக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்குள் மூன்று மலை, மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில். அவர் மகன் ராஜாராம், ஔரங்கசீப்பின் படை ராய்கட்டை வளைத்தபோது மாறுவேஷத்தில் தப்பித் தெற்கே ஓடிவந்து அந்தச் செஞ்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பின்னாலேயே மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்தார். 1690-இல் முற்றுகை. 1698-இல் முடிந்தது. எட்டு வருஷம்! சுங்கச்சாவடியில் எட்டு நிமிஷம் நின்றால் நாம் கீழே இறங்கி ஊழல், ஒழிப்பு என்று பேச ஆரம்பிக்கிறோம்.

நாலிதழ்ச் சந்திப்புக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ஒரு வளையத்திலிருந்து ஏறிவரும் வண்டியும் அடுத்த வளையத்தில் இறங்கப்போகும் வண்டியும் ஒரே துண்டுச் சாலையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும். அவன் உள்ளே வருகிறான், இவன் வெளியே போகிறான், இரண்டு பேருமே தனக்குத்தான் முன்னுரிமை என்கிறார்கள். செஞ்சி முற்றுகையும் இதே ரகம். மராட்டியத் தளபதிகள் சாந்தாஜியும் தனாஜியும் வெளியிலிருந்து வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். சோறு வரும் வழி அடைந்தது. முகாமிலிருந்த ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் கோட்டைக்குள் இருந்த எதிரியோடு ரகசியமாகப் பேசப்போய், சொந்தத் தளபதிகளாலேயே கைது செய்யப்பட்டார். 1693-இல் பேரரசின் படை மூட்டை கட்டிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. திரும்பவும் வந்தது. திரும்பவும் சுற்றியது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. சுல்பிகர் கானே கண்டும் காணாமல் வழிவிட்டதாகப் பேச்சு. சர்வீஸ் ரோட்டில் நழுவுவது அன்றைக்கே இருந்திருக்கிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மொகலாயருக்கு எட்டு வருஷம் பிடித்த கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை மராட்டிய ராணுவ நிலத்தோற்றம் என்ற பட்டியலில் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், இது ஒன்று நம்மிடம். இப்போது அங்கே செல்ஃபி எடுக்க எல்லாரும் திண்டிவனம் வழியாகப் போகிறார்கள். வழியாக.

அடுத்த ஆள் மேஜர் கின்னியர். இவரை நான் மனசாரக் காதலிக்கிறேன். 1752, கர்நாடகப் போர் மும்முரம். செஞ்சியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறிக்கவேண்டும் என்று சென்னை கவர்னர் சாண்டர்ஸுக்கு ஆசை. அனுபவசாலியான தளபதி லாரன்ஸ் வேண்டாம் என்றார். மேலிடம் கேட்குமா? ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்திறங்கிய கின்னியரைப் பிடித்து அனுப்பினார்கள். போகிற வழியில் விழுப்புரத்துச் சின்னக் கோட்டை அதிக மல்லுக்கட்டில்லாமல் பணிந்தது. விழுப்புரம் எப்போதுமே அப்படித்தான், வழிப்போக்கரை மறிக்காது. கின்னியர் செஞ்சி போனார், மலையை அண்ணாந்து பார்த்தார், புரிந்துகொண்டார், திரும்பினார்.

திரும்புகிற வழியில்தான் விதி காத்திருந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டுப்ளேயின் மருமகன் கெர்ஜான் தன் படையோடு விக்கிரவாண்டியில் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். கின்னியர் முட்டிப் பார்த்தார், தோற்றார், காயம்பட்டார், அதன்பின் அதிக நாள் இருக்கவில்லை. விக்கிரவாண்டியில் நிறுத்தப்பட்டு, கையிலிருந்ததை இழந்து, நொந்துபோய்க் கிளம்பிய முதல் பெரிய மனிதர் அவர். இன்று அதே விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடி இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். கின்னியரிடம் பாஸ்டேக் இல்லை. இருந்திருந்தாலும் பேலன்ஸ் இருந்திருக்காது. மறித்த மருமகனும் ரொம்ப நாள் சிரிக்கவில்லை. சில வாரங்களிலேயே பாகூரில் லாரன்ஸிடம் பிடிபட்டார். (சிலப்பதிகாரத்துப் புகாரில் சதுக்கப்பூதம் என்று ஒன்று நாற்சந்தியில் உட்கார்ந்து தப்பு செய்கிறவனைப் பிடித்துத் தின்னும். நம் காலத்துப் பூதம் கம்பத்தின்மேல் கேமராவாக உட்கார்ந்திருக்கிறது. தின்பதில்லை, வீட்டுக்குச் சலான் அனுப்புகிறது.)

இந்தச் சண்டையெல்லாம் ஓய்ந்து, புதுச்சேரி பிரெஞ்சுக்கு, சுற்றியுள்ளதெல்லாம் ஆங்கிலேயருக்கு என்று ஆனபின், இரண்டு பேரும் பழசை மறந்து ரயில் விட்டார்கள். 1879 டிசம்பரில் விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை திறந்தது. ஏற்கெனவே சென்னைப் பாதை இருந்தது. இவற்றோடு காட்பாடிப் பக்கம் ஒன்று, மாயவரம் வழி ஒன்று, விருத்தாசலம் வழி ஒன்று என்று மொத்தம் ஐந்து கால். அதனால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு விழுப்புரம் என்பது ஊர் இல்லை, ஒரு வாக்கியம்: "விழுப்புரத்துல எறங்கி மாறணும்." திண்டிவனத்துக்கும் ஒரு வாக்கியம் உண்டு. ஓடுகிற பேருந்தின் படியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் கேட்பது: "அண்ணே, பைபாஸ்ல நிக்குமா, ஊருக்குள்ள போவுமா?" அவர் விசில் ஊதுவார். அதுதான் பதில்.

பைபாஸ் வருவதற்கு முன்னால் சாலைக்கு நிழல் இருந்தது. திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஊர்க் கோயிலில் சாமிக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே பெயர். சாலையோரம் இரண்டு பக்கமும் புளியமரம். வருஷா வருஷம் காய்ப்பை ஏலம் விடுவார்கள். ராத்திரியில் மரத்துக்கு ஒரு பேய் வீதம் குடியிருப்பு. நான்குவழிச்சாலை வந்தபோது மரங்கள் போயின. பேய்களுக்கு மாற்று இடம் கொடுத்ததாகத் தகவல் இல்லை. நடுத்தடுப்பில் அரளி வைத்தார்கள். அரளியில் எந்தப் பேய் தங்கும்?

அப்புறம் எண் குழப்பம். சென்னையிலிருந்து தேனி வரைக்கும் ஒரே 45. லாரி ஓட்டுநருக்கும் தெரியும், லாரியில் போகிற மாட்டுக்கும் தெரியும். 2010-இல் டெல்லியில் எல்லா நெடுஞ்சாலைகளுக்கும் பேர்சூட்டு விழா நடந்தது. அதன்பின் சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 132. விழுப்புரம் தாண்டினால் 38. நீங்கள் ஸ்டீயரிங்கை அசைக்கவே இல்லை. மூன்று சாலை மாறிவிட்டீர்கள். இந்த எண்களுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 32 என்பது திண்டிவனத்தில் பிரிந்து புதுச்சேரி வழியாகத் தெற்கே போகும் சாலை. மூன்று இலக்க எண்ணின் கடைசி இரண்டும் தாய்ச் சாலையைச் சொல்லும். அப்படியானால் 132 என்பது 32-இன் கிளை. அதாவது காகிதப்படி, திண்டிவனம்–விழுப்புரம் சாலை புதுச்சேரிச் சாலையின் பிள்ளை. இதற்காகத்தான் ஐயா டுப்ளே அத்தனை பீரங்கியை இழுத்துக்கொண்டு அலைந்தார். கிடைக்காமல் 1754-இல் ஊருக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். நெடுஞ்சாலைத் துறைக் குமாஸ்தா ஒரே அரசிதழில் சாதித்துவிட்டார். எங்கள் ஊரில் யாருக்கும் கவலையில்லை. இன்னும் "நாப்பத்தஞ்சுல போ" என்றுதான் வழி சொல்கிறோம்.

ஓர் இடத்தில் மட்டும் வண்டியை ஓரங்கட்டவேண்டும். 1987 செப்டம்பர் 17-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம், இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் வட தமிழ்நாட்டுச் சாலைகளை மறித்தது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிர் போனது, பலருக்குக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவும் 20 சதவீத ஒதுக்கீடும் வந்தன. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அவர்களுக்கு மணிமண்டபம் திறந்தார்கள். பெரியம்மாவுக்கு அந்த வாரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏழு நாளும் ரோட்டில் சத்தமே இல்லை, தூக்கம் வரவில்லை என்பார். அவர் ஊரைப் பொறுத்தவரை, கோடு புள்ளியிடம் நின்ற வாரம் அது ஒன்றுதான். அதைப் பற்றி அவர் தமாஷ் பேசமாட்டார், நானும் பேசவில்லை.

2024-இல் கோடு இன்னொரு தடவை தடுமாறியது. அக்டோபர் 27 அன்று நடிகர் விஜய் தன் கட்சியின் முதல் மாநில மாநாட்டை விக்கிரவாண்டியை அடுத்த வி.சாலையில் நடத்தினார். சாலையைப் பேரிலேயே வைத்திருக்கும் ஊருக்கு அன்று சாலை கண்ணில் படவில்லை; எல்லாம் தலையாகத் தெரிந்தது. மேலே சுற்றிய கேமராக்களுக்கு அது அரசியல். பக்கத்து ஊர்க்காரனுக்கு, பால் சொசைட்டிக்கு எந்த வழியாகப் போவது என்ற கேள்வி. ஐந்து வாரம் கழித்து ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. அரசூர் அருகே சாலைமேல் ஆறு ஓடியதால் சென்னை–திருச்சிப் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். வெள்ளத்துக்கு மட்டும் சர்வீஸ் ரோடு, மெயின் ரோடு பேதம் கிடையாது. மழை நின்றதும் தொலைக்காட்சியில் வான்காட்சி போட்டார்கள். பெரியம்மா பார்த்துவிட்டு, "வாசல் தெளிச்ச மாதிரி இருக்குது" என்றார். அவர் வீட்டுக்குள்ளும் அப்போது முழங்கால் தண்ணீர்.

இவ்வளவும் எழுதியபிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷம் அந்தச் சாலையில் போய்வந்தும், நல்லியக்கோடன் ஊரில் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. சென்ற மாதம் விழுப்புரத்திலிருந்து திரும்பும்போது, பாணன் போலவே போய்விடுவது என்று தீர்மானித்து, கைப்பேசியில் கிடங்கல் என்று போட்டேன். அந்த அம்மாள் இனிமையாகப் பேசிக்கொண்டே வந்தார். சர்வீஸ் ரோட்டில் இறங்கு என்று அவர் சொல்லி முடிக்கும்போது நான் மேம்பாலத்தின்மேல் இருந்தேன். கீழே திண்டிவனம் தெரிந்தது, வீடு, கோயில், தண்ணீர்த் தொட்டி, எல்லாம். தொடமுடியவில்லை. யூ திருப்பம் எடு என்றார். எடுத்தேன். மறுபடி மேலேயே வந்தேன். மூன்றாம் சுற்றில் வண்டியை ஓரம் கட்டி, டீக்கடையில் கேட்டேன்.

"அண்ணே, கிடங்கலுக்கு எப்படிப் போவணும்?"

டீயை ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிடங்கல் ஒண்ணா, கிடங்கல் ரெண்டா?"

நத்தத்தனார் இதைச் சொல்லவே இல்லை.